டீகன் கொடுத்த சாப்பாட்டுக்காசு

பதினைந்து வயதில் இரும்பாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வியாழக்கிழமை சம்பள உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் பிரித்து, சாப்பாட்டுக்காசை எடுத்துக்கொண்டு, மீதியை மேசைமேல் என் பக்கம் தள்ளினாள். அன்று இரவு அப்பாவின் தட்டில் எத்தனை ஆட்டிறைச்சிச் சாப்ஸ் இருந்தனவோ என் தட்டிலும் அத்தனை இருந்தன. ஆஸ்திரேலியாவில், போர்ட் கெம்ப்ளாவில், எங்கள் தெரு முழுக்க இதுதான் வழக்கம். சம்பாதிக்கிற பிள்ளை தான் தின்பதற்கும் படுப்பதற்கும் வாரம் ஒருமுறை வீட்டில் காசு வைப்பான். வைக்காதவன் ஒன்று சின்னப்பிள்ளை, இல்லையென்றால் விருந்தாளி.

என் ஒரே மகள் லியான் பதினேழு வயதில் ரொட்டிக்கடை வேலைக்குப் போனாள். அவளும் வியாழக்கிழமைதோறும் வைத்தாள். வாங்கி வைப்பது என் மனைவி நோரின். அந்தக் காசு எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. ஆறு வருடம் கழித்து, கல்யாணமாகி லியான் உள்நாட்டு ஊரான டப்போவுக்குக் குடிபோகும் முந்தின நாள், நோரின் அவள் கையில் ஒரு வங்கிப் புத்தகத்தைக் கொடுத்தாள். லியான் வைத்த ஒவ்வொரு டாலரும் வட்டியோடு அதில் இருந்தது. லியான் உட்கார்ந்து அழுதாள்.

"அழுதது போதும். போய் நல்ல ஃப்ரிட்ஜா ஒண்ணு வாங்கு" என்றாள் நோரின்.

அதன் பிறகு கிறிஸ்துமஸ்தோறும் எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை சொல்லப்படும். பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடம். கேட்கும்போதெல்லாம் நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அதில் எனக்கும் ஏதோ பங்கு இருந்தது போல.

நோரின் ஒரு பிப்ரவரியில் இறந்தாள். ஆறு வாரம் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். இரண்டு பேருக்கு வந்த ஓய்வூதியம் ஒருவருக்கு வருவதாகக் குறைந்தது. வீடு பாதியாகவில்லை. நகரசபை வரி, தண்ணீர், மின்சாரம், காப்பீடு எல்லாம் முழுதாகவே வந்தன. ஒருவனுக்கு எரிகிற விளக்குக்கும் இருவருக்கு எரிகிற விளக்குக்கும் ஒரே கட்டணம்தான் என்பதை அதுவரை நான் யோசித்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் பகல் முழுக்க நூலகத்தில் இருந்தேன். பாதி புத்தகத்துக்காக, பாதி அங்கிருந்த வெப்பத்துக்காக. லியானிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் கேட்டால் "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்பேன்.

மறு ஜனவரியில் ஒரு ஞாயிறு அவள் வேறொன்று கேட்டாள்.

"அப்பா, டீகனுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு. உங்க பக்கத்து யுனிவர்சிட்டியிலேயே. அவ உங்ககூடத் தங்கலாமா?"

டீகன் அவளுடைய மூத்த மகள். பத்தொன்பது வயது. பள்ளி முடித்து இரண்டு வருடம் டப்போவில் ஒரு காபிக் கடையில் வேலை பார்த்தவள்.

"தங்கட்டும். இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றேன். பிறகு, என் வாயிலிருந்தே வந்தது. "ஆனா சாப்பாட்டுக்காசு வைக்கணும்."

மறுமுனையில் லியான் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அழுகையும் இருந்தது.

"அச்சு அசல் அம்மா மாதிரியே. சரிப்பா. எவ்வளவு?"

"வாரம் நூத்தி இருபது."

"அவகிட்ட எதுவும் சொல்ல மாட்டேன். சரியா? எனக்கும் ஒண்ணும் தெரியாது."

போனை வைத்த பிறகுதான் அவள் என்ன புரிந்துகொண்டாள் என்பது எனக்கு உறைத்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இல்லம்மா, எனக்கு நிஜமாகவே காசு வேண்டும், கரண்டு பில் கட்ட முடியவில்லை என்று. ஒரு நிமிட வேலை. நாளைக்குச் சொல்லலாம் என்று டீ போட்டுக் குடித்தேன்.

டீகன் ஒரு பழைய சிவப்புக் காரில் வந்து இறங்கினாள். தாத்தாவான என்னை பாப் என்றுதான் கூப்பிடுவாள். சத்தமாகப் பேசுவாள், கதவை அடித்துச் சாத்துவாள், என் வானொலியை வேறு நிலையத்துக்கு மாற்றிவிடுவாள். வாரத்தில் மூன்று மாலை சூப்பர்மார்க்கெட்டில் வேலை. முதல் வியாழக்கிழமை நூற்று இருபது டாலரை மேசைமேல் விரித்து வைத்தாள். எதுவும் தெரியாது என்று சொன்ன லியான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"இந்தா பாப். பத்திரமா வை. எங்க வைக்கிறன்னு நான் கேக்கவே மாட்டேன்." கண்ணைச் சிமிட்டினாள்.

அந்த வாரமே அது என் காரின் வருடப் பதிவுக் கட்டணத்துக்குப் போனது.

பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. வியாழக்கிழமை வந்தால் கேட்பாள்.

"என் ஃப்ரிட்ஜ் எது வரைக்கும் வந்திருக்கு பாப்?"

"கால் வந்திருக்கு."

"வெறும் காலா? இவ்வளவு நாளா உழைக்கிறேன்!"

சில மாதம் கழித்து, "கதவு வந்தாச்சு" என்றேன். ஒருமுறை, "உள்ளே விளக்கு மாட்டியாச்சு" என்றுகூடச் சொன்னேன். அவள் கைதட்டினாள். ஒவ்வொரு முறையும் பதில் சொன்னபோது இதுதான் கடைசி, அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த வாரம் அதே அளவு கடினமாக இல்லை, கூடுதலாக நூற்று இருபது டாலர் கடினமாக இருந்தது.

அவள் காசில் நான் ஊதாரித்தனம் செய்யவில்லை. ஆனால் பட்டினியும் கிடக்கவில்லை. வரி, மின்சாரம். மேல்வரிசைப் பல்செட் உடைந்துவிட்டது, புதிதாகச் செய்தேன். வெள்ளிக்கிழமை பந்துருட்டு விளையாட்டுக் கிளப்பில் இரண்டு கிளாஸ் பீர், இறைச்சிக் குலுக்கலுக்குச் சீட்டு. குலுக்கலில் எனக்கு இறைச்சித் தட்டு பரிசாக விழுந்த வாரங்களில் அவளுக்கு நல்ல சாப்ஸ் செய்து போட்டேன். அவள் எலும்பைக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டே, "பாப், நீ அதிர்ஷ்டக்காரன்" என்பாள்.

பக்கத்து வீட்டு ரிஸ்டோவும் நானும் இருபது வருடம் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். அவர் மாசிடோனியாவிலிருந்து வந்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டபடிதான் உலக விஷயம் பேசுவார்.

"யோவ் மெர்வ், பொண்ணு உனக்குக் காசு குடுக்குதா?"

"குடுக்குறா. சாப்பாட்டுக்கு."

"பென்ஷன் ஆபீஸ்ல சொன்னியா?"

"குடும்பத்துக்குள்ள நடக்கிறதை எதுக்குச் சொல்லணும்?"

"குடும்பமாவது குட்டியாவது. அவங்க கம்ப்யூட்டருக்கு மாமன் மச்சான் உண்டா? என் கொழுந்தியா வீட்டுக்காரனுக்கு லெட்டர் வந்துச்சு தெரியுமா? ஏழாயிரம் திருப்பிக் கட்டுன்னு. அந்த ஆளு அப்புறம் ஒரு வாரம் பேசவே இல்ல. அதுக்கு முன்னாடி அவன் வாயை மூடி நான் பார்த்ததே கிடையாது."

அன்றிலிருந்து தபால்பெட்டியைப் பார்ப்பதே பயமாகிவிட்டது. சொன்னால் பென்ஷனை வெட்டுவார்கள், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்பார்கள். சொல்லாவிட்டால் ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். காசே வேண்டாம் என்று டீகனிடம் சொன்னால், ஏன் என்று கேட்பாள், சேர்த்தது எங்கே என்று கேட்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அதனால் நான் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. வியாழக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன.

அவளுடைய மூன்றாவது வருடம், மார்ச்சில், அவளுக்கு இருபத்திரண்டு ஆனது. அந்த வயதுக்கு மேல் பெற்றோர் வருமானத்தைப் பார்ப்பதில்லை என்பதால் அவளுக்கு மாணவர் உதவித்தொகை கிடைக்கும் என்றானது. வாடகை கொடுப்பதாகக் காட்டினால் அதற்கும் தனியாகக் கொஞ்சம். ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"வீட்டுக்காரர் கையெழுத்து இங்க. நீதான் பாப் வீட்டுக்காரர். தொப்பி இருந்தா போட்டுக்க."

"வை. கண்ணாடி எங்கேயோ வெச்சுட்டேன்."

"மூக்கு மேல இருக்கு."

"படிக்கிற கண்ணாடி."

படிவத்தை ரொட்டி வாட்டும் பெட்டிக்குப் பின்னால் செருகினேன். அங்கே அது மூன்று வாரம் இருந்தது. இந்தக் கையெழுத்தைப் போட்டால் அவள் வாரம் நூற்று இருபது கொடுக்கிறாள் என்பது ஆபீசுக்குத் தெரியும். அவளுக்குக் காசு கொடுப்பதும் எனக்குக் காசு கொடுப்பதும் ஒரே ஆபீஸ்தான்.

நாலாவது வாரம் அவள் வேலையிலிருந்து சீருடையோடு வந்து நின்றாள். படிவம் கையில் இருந்தது. ஓரத்தில் ரொட்டித்தூள் ஒட்டியிருந்தது.

"இதுல என்ன பிரச்சனை பாப்? நேராச் சொல்லு. இந்த ஒரு கையெழுத்துக்காக மூணு வாரமா எனக்குக் காசு வரல."

ரிஸ்டோ சொன்னதைச் சொன்னேன். ஆபீசில் நான் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு வருடத்துக்குமான காசை அபராதமாகப் பிடிப்பார்கள் என்று. அந்தப் பயம் உண்மை. அதனால் குரலில் நடுக்கமும் உண்மையாகவே வந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபம் போய்விட்டிருந்தது.

"இதுக்காகவா இப்படி மறைச்சு வெச்சு நடுங்கிட்டு இருந்த? சொல்லியிருக்கலாம்ல?" பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கும் ஒண்ணு சொல்லணும். செப்டம்பர்ல என்னை ப்ரோக்கன் ஹில்லுக்கு அனுப்புறாங்க. பத்து வாரம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. சம்பளம் கெடையாது. இங்க கடை வேலையை விடணும். அங்க தங்கணும், சாப்பிடணும், பெட்ரோல் போடணும். அது முடிக்கலேன்னா பட்டம் கெடையாது."

"எவ்வளவு ஆகும்?"

"நாலாயிரம் போல. அதான் ஃப்ரிட்ஜைத் தொறந்துடலாமான்னு நெனச்சேன். கல்யாணம் வரைக்கும் காத்திருந்தா நீ நூறு வயசு வரைக்கும் காத்திருக்கணும், எனக்கு ஒருத்தனும் சிக்கல."

அவள் என் கையைத் தட்டினாள்.

"ஆபீஸ்ல என்ன சொல்றாங்கன்னு முதல்ல பார்ப்போம். அபராதம் போட்டாங்கன்னா அந்தக் காசுலேந்தே கட்டிடு. என்னாலதானே வந்துச்சு. மிச்சம் இருந்தா எனக்கு. இல்லேன்னா கடன் கேட்டுப் பார்க்கிறேன்."

அன்று இரவு படுத்துக்கொண்டு நான் நினைத்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். அவர்கள் அபராதம் போட வேண்டும் என்று நினைத்தேன். பெரிய அபராதமாக, பத்தாயிரம் போல. முழுவதும் ஆபீஸ் எடுத்துக்கொண்டது என்று நான் சொல்ல, அவள் அதை நம்புவாள். அபராதத்தை மாதாமாதம் பென்ஷனில் பிடித்துக்கொள்ளட்டும், சாகும் வரைக்கும் பிடிக்கட்டும். இல்லாத காசு காணாமல் போக அதுதான் ஒரே கண்ணியமான வழி. எழுபத்தாறு வயதில், தண்டனை கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டு கிடந்தேன்.

புதன்கிழமை இருவரும் போனோம். கடைவளாகத்தில் முதல் மாடியில் ஆபீஸ். சீட்டெடுத்து ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்தோம். நான் தனியாகப் போய்ப் பேசுகிறேன் என்றேன். "நீ சொதப்பிடுவ" என்று அவளும் எழுந்து வந்துவிட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். சட்டையில் ஷிவோன் என்று பெயர் குத்தியிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், திருடியதை ஒப்புக்கொள்பவன் மாதிரி.

"வாரம் நூத்தி இருபது. சாப்பாடும் சேர்த்தா?" என்று கேட்டாள்.

"சாப்பாடும் சேர்த்து."

"நல்ல சாப்பாடு. தினமும் உருளைக்கிழங்கு" என்றாள் டீகன்.

ஷிவோன் தட்டச்சு செய்தாள். என்னுடைய சேமிப்பைக் கேட்டாள், வேறு வருமானம் உண்டா என்றாள். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சாப்பாடு போட்டுத் தங்க வைக்கிறவங்களுக்கு, வர்ற காசுல ஒரு சின்னப் பங்கைத்தான் வருமானமா எடுத்துக்குவோம். உங்களுக்கு அது வரம்புக்கு ரொம்பக் கீழ. பென்ஷன்ல ஒண்ணும் மாறாது."

"பழசுக்கு?"

"பழசுக்கும் அதேதான். சொல்லியிருக்கணும், அது வேற விஷயம். இப்ப பதிஞ்சாச்சு. நீங்க எங்களுக்கு எதுவும் தர வேண்டியது இல்ல."

"அபராதம்?"

"இல்ல."

"கொஞ்சம்கூட இல்லியா? நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா."

அவள் இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் சார், வேணுமா?"

டீகன் வாய்விட்டுச் சிரித்தாள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷிவோனும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அங்கேயே அந்த மேசைமேல் வைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கார் மூன்றாம் தளத்தில் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் டீகன் சாவியைப் போடாமல் என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா? அந்த ரிஸ்டோ பேச்சைக் கேட்டு ரெண்டு வருஷம் செத்துச் செத்துப் பொழச்சிருக்க. ஒரு சென்ட் போகல, அப்படியே இருக்கு. சரி, அதை எப்ப எடுக்கலாம்? பேங்க்ல முன்னாடியே சொல்லணுமா?"

"டீகன், அது இல்ல."

"எது இல்ல?"

"காசு."

"வேற பேங்க்ல இருக்கா?"

"எங்கயும் இல்ல. செலவாயிடுச்சு."

"வெளையாடாத பாப்."

நான் முன்கண்ணாடி வழியாகச் சிமென்ட் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மஞ்சளில் ஒரு எண் எழுதியிருந்தது. அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது எனக்குக் கேட்டது.

"எவ்வளவு செலவாச்சு?"

"முழுசும்."

"என்னத்துக்கு?"

சொன்னேன். வரி, மின்சாரம், காரின் பதிவு, பல்செட்.

"இந்தப் பல்லா?"

"மேல்வரிசை மட்டும்."

"அப்ப ரெண்டு வருஷமா என் காசுல பல்லு கட்டிக்கிட்டு என்னையே பாத்துச் சிரிச்சிட்டு இருந்திருக்க."

பல் தெரியாமல் உதட்டை மூடிக்கொண்டேன்.

"நன்னாவோட கல்லறைக் கல்லுக்கு?" என்று பாட்டியைச் சொல்லிக் கேட்டாள். கேட்ட விதத்தில் ஆம் என்று சொல்லிவிட மாட்டேனா என்ற ஆசை இருந்தது. ஆம் என்று சொல்லியிருந்தால் அவள் என்னை மன்னித்திருப்பாள். அது எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது.

"இல்ல. அதுக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சு."

"வெள்ளிக்கிழமை கிளப்பு?"

"அதுக்கும் கொஞ்சம்."

பக்கத்தில் யாரோ ஒருவர் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்.

"உனக்குத் தேவைப்படுதுன்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பேன் பாப். சாப்பாட்டுக்காசுன்னா அதுதானே? தின்னதுக்குக் குடுக்கிறது. திருப்பிக் குடுன்னு கேட்டிருக்கவே மாட்டேன். ஆனா வாரா வாரம் நான் கேட்டேன். நீ கதவு வந்திருச்சுன்ன. விளக்கு மாட்டியாச்சுன்ன. அதை யாரு உன்னைச் சொல்லச் சொன்னாங்க?"

"ஒருத்தரும் சொல்லல."

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உன் வேலை."

வெளியேறும் இடத்தில் இயந்திரம் வண்டி நிறுத்தியதற்குக் கட்டணம் கேட்டது. நான் சட்டைப்பையில் கையை விட்டேன். "வேணாம்" என்று அவளே போட்டாள்.

அன்று மாலையே லியானைக் கூப்பிட்டேன். அவள் கடைசி வரை குறுக்கே பேசவில்லை.

"அன்னிக்கே ஏன்பா சொல்லல?" என்றாள் முடிவில்.

"நீ சிரிச்ச. அம்மா மாதிரின்னு சொன்ன."

அவள் வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு எனக்குக் கொஞ்சம்கூடத் தெரியாதுப்பா" என்றாள். அதற்கு மேல் கேட்காமல் நான் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் கணவன் வேயன் கூப்பிட்டான். பேச்சு அதிகம் இல்லாதவன்.

"மெர்வ், டீகன் காசுக்கு யோசிக்க வேணாம். படகை வித்துட்டேன்."

"வேயன், அந்தப் படகு..."

"விடுங்க. மீனுங்க கொண்டாடிட்டு இருக்கும்." அவ்வளவுதான் சொன்னான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் டீகன் கத்தவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. கதவை மெதுவாகச் சாத்தினாள். வானொலியை நான் வைத்த நிலையத்திலேயே விட்டாள். சாப்பிட்டதும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "சாப்பாடு நல்லா இருந்துச்சு, நன்றி" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள். வியாழக்கிழமை மேசைமேல் ஒன்றும் இல்லை. காசு வங்கி வழியாக நேராக என் கணக்குக்கு வந்திருந்தது. என்னோடு மரியாதையாகப் பேசத் தொடங்கியிருந்தாள்.

ஒரு மாதம் அப்படிப் போனது. எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் மேசையில் உட்கார வைத்துச் சொன்னேன்.

"இனிமே நீ காசு தர வேணாம். இங்கேயே இரு. சாப்பிடு. நான் எப்படியாவது பாத்துக்கறேன்."

அவள் இதை முன்பே யோசித்து வைத்திருந்தாள்.

"நான் தரலேன்னா எனக்கு வர்ற வாடகை உதவி நின்னுடும். உங்களுக்குக் கரண்டு நின்னுடும். வெளிய ஒரு ரூமு எடுத்தா வாரம் இருநூத்தம்பது, சாப்பாடு இல்லாம. நான் பாத்துட்டேன். நாலு வீடு போய்ப் பாத்தேன்."

"வீடு பாத்தியா?"

"பாத்தேன். எதுவும் கட்டாது. நான் போகவும் முடியாது, நீங்க சும்மா வெச்சுக்கவும் முடியாது. இப்படியே இருந்துக்கலாம்." சொல்லிவிட்டு, "பட்டாணி இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டாள். எடுத்துப் போட்டேன். நன்றி என்றாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ப்ரோக்கன் ஹில்லுக்குக் கிளம்பினாள். பெட்டிகளை நான் தூக்கிக் காரில் வைத்தேன். ரிஸ்டோ வேலிக்கு மேலே ஒரு பை நிறைய மிளகாய் நீட்டி, "ஆஸ்பத்திரிக்காரங்களுக்குக் குடு, நோயாளிங்க எழுந்து ஓடிடுவாங்க" என்றார். அவள் அவரைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். என்னையும் கட்டிக்கொண்டாள், சிரிக்காமல்.

இரண்டாவது வாரம் வங்கிச் சீட்டு எடுத்துப் பார்த்தேன். அறுபது டாலர் வந்திருந்தது. பக்கத்தில் "அறைக்கு, பாதி" என்று அவள் எழுதியிருந்தாள்.

போன் செய்தேன். பின்னால் ஆட்களின் பேச்சும் சக்கரக் கட்டில் உருளும் சத்தமும் கேட்டன.

"எதுக்கும்மா காசு அனுப்பின? நீ இங்க சாப்பிடவே இல்லியே."

"சாப்பாட்டுக்கு இல்ல பாப். ரூமை வெச்சிருக்கிறதுக்கு. சாப்பாடு இல்லாததால பாதி போட்டேன். போதாதுன்னா சொல்லுங்க."

"ரூமு இங்கதானே இருக்கு. அதை யாரு தூக்கிட்டுப் போகப் போறாங்க?"

"உங்களுக்குக் காசு தேவைப்பட்டு வேற யாருக்காவது விட்டுட்டா, நான் டிசம்பர்ல வந்து எங்க தங்குவேன்?"

"உன்னோட ரூமை நான் யாருக்கு விடுவேன் டீகன்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே தெரியாததைச் சொல்கிறவள் போலச் சொன்னாள். பிறகு யாரோ கூப்பிட, "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் அந்த அறுபதைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று வங்கிக்குப் போனேன். மின்சாரக் கட்டணம் காலையிலேயே அதை எடுத்துக்கொண்டுவிட்டிருந்தது. கணக்கில் பதினொரு டாலர் சொச்சம். ஓய்வூதியம் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. வரிசையில் நின்றதற்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, திங்கட்கிழமை விடுமுறையா என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வீடு சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடல் பக்கமிருந்து சாய்வாக அடித்தது. டீகன் அறையின் ஜன்னலை அவள் லேசாகத் திறந்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் நடைவழியில் கேட்டது. கதவுப் பிடியில் கை வைத்தவன், அப்படியே நின்றேன். காசு வாங்கியிருக்கிற அறை. அவளைக் கேட்காமல் போகலாமா என்று நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன். ஜன்னலைச் சாத்தினேன். தரையைத் துடைத்தேன். மேசைமேல் இருந்த அவள் சாமான்களில் கை படாமல் பார்த்துக்கொண்டு வெளியே வந்து, கதவை எப்படி இருந்ததோ அப்படியே சாத்தினேன்.